ஆளில்லா மனைகளின் பட்டியல்

இருபத்தாறு வயதில் துலுக்கானம் ஒரு மனிதரின் தாடையை ஸ்பேனரால் உடைத்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், லேத்துப் பட்டறை ஒன்றில், காலை வேலை தொடங்கிப் பத்து நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஒரே அடிதான். இரண்டு பற்கள் எந்திரத்தின் எண்ணெய்த் தட்டில் விழுந்தன. தாடை உடைந்தவர் மேற்பார்வையாளர் என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அவர் அதற்குச் சற்று முன்னர் ஹாஜா மொய்தீன் என்னும் தொழிலாளியைச் செருப்பால் அடித்தார் என்பது பேசப்படவில்லை. துலுக்கானம் நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்தார்.

வெளியே வந்தபின் மண்ணூர்பேட்டையில் வேறொரு பட்டறையில் சேர்ந்தார். அதன்பிறகு முப்பது ஆண்டுகள் அவர் யார்மீதும் கைவைக்கவில்லை. சினம் தணிந்துவிட்டது என்று பொருளன்று. அது மூளும்போதெல்லாம் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொள்வார். அன்று செருப்படி பட்ட ஹாஜா மொய்தீன் பிற்காலத்தில் அவருடைய தொழில்கூட்டாளி ஆனார். பேச்சு தடிக்கும்போது நண்பரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கைகள் எங்கே இருக்கின்றன என்றுதான் பார்ப்பார்.

பட்டறை மூடப்பட்டபோது இருவரும் சேர்ந்து கள்ளிக்குப்பத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மனைத்தொழில் தொடங்கினார்கள். பெரிய முதலீடு இல்லை. உடன்பிறந்தார் சண்டையில் சிக்கிக் கிடக்கும் அரை கிரவுண்டு, பட்டா மாறாத மூலைமனை போன்றவற்றை வாங்கி, காகிதங்களைச் சீர்செய்து, விற்பார்கள். விற்க விரும்புவோரைத் தேடித்தருபவர்கள் தேநீர்க்கடைத் தரகர்கள். பெரிய நிறுவனங்கள் அந்தத் தரகர்களை வளைத்துக்கொண்டபின், மூன்று மாதங்கள் ஒரு மனைகூட வரவில்லை. அப்போதுதான் இணையதளம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

மஹீரா பூந்தமல்லியில் கணவரோடு சேர்ந்து இணையதளங்கள் அமைத்துக் கொடுப்பவள். ஹாஜா மொய்தீனுக்கு மருமகள் முறை. வந்த அன்றே அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்.

"மாமா, இந்த வெப்சைட்டு யாருக்கு? வாங்குறவங்களுக்கா, விக்கிறவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தாம்மா."

"அப்ப ரெண்டு பேருமே பாக்க மாட்டாங்க."

ஹாஜா மொய்தீன் முதற்பக்கத்தில் நீச்சல்குளத்துடன் கூடிய வீட்டின் படம் இருக்க வேண்டும் என்றார். நாம் விற்கும் இடங்களில் கார்த்திகை மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்குமே, அதையே படம்பிடித்துப் போட்டுவிடலாம் என்றார் துலுக்கானம். மஹீரா சிரித்தாள், ஆனால் தன் கேள்வியை விடவில்லை. உங்களுக்குத் தேவை வாங்குபவர் அல்லர், விற்பவர். அதிலும் நெடுந்தொலைவில் இருந்துகொண்டு தம் மனைக்கு என்ன ஆயிற்றோ என்று அஞ்சுபவர். அவருடைய அச்சத்துக்கு உங்கள் தளம் என்ன விடை சொல்லும் என்று யோசியுங்கள் என்றாள்.

விடை துலுக்கானத்திடமே இருந்தது. ஓராண்டுக் காலமாக, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, வெளியூரில் வாழும் சிலருடைய மனைகளுக்குச் சென்று எல்லைக்கல்லோடு படம்பிடித்து அவர்களுக்கு அனுப்பிவந்தார். கூலி வாங்கியதில்லை. என்றாவது விற்க நினைத்தால் தம்மை நினைப்பார்கள் என்பதுதான் கணக்கு. அத்தகைய முப்பத்து நான்கு மனைகளையும் தளத்தில் இடுவது என்று முடிவாயிற்று.

அங்கேதான் அவர் பிழை செய்தார். சர்வே எண்ணை மறைப்பது தரகர்களின் வழக்கம். முன்பணம் கைக்கு வரும்வரை மனை எந்தத் தெருவில் உள்ளது என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அந்தக் கள்ளத்தனத்தைத் துலுக்கானம் வெறுத்தார். பட்டறையில் அவர் கடைந்த உருப்படிகள் எல்லாம் மேசைமேல் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து அளந்து பார்க்கலாம். ஆகவே படம், சர்வே எண், செல்லும் வழி ஆகிய அனைத்தும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். ஒவ்வொரு படத்தின் கீழும், 'உரிமையாளர் வெளியூரில் உள்ளார்; மனை காலியாக உள்ளது; மாதந்தோறும் முதல் தேதி நாங்கள் சென்று பார்க்கிறோம்' என்று எழுதச் சொன்னார்.

மஹீரா தடுத்தாள். இதனை உரிமையாளர் மட்டும் கடவுச்சொல் இட்டுப் பார்க்கும்படி வைக்கலாம் என்றாள்.

"பூட்டி வச்சா சந்தேகம் வரும்மா. தொறந்து வச்சாத்தான் ஆளுங்க நம்புவாங்க" என்றார் துலுக்கானம்.

மனை உரிமையாளர்களுள் ஒருத்திக்கும் அதே தயக்கம் இருந்தது. அவள் பெயர் மதிவதனி, மஸ்கட்டில் செவிலி. மேம்பாலக் கட்டுமானத்தில் கணவன் விழுந்து இறந்தபோது கிடைத்த இழப்பீட்டைக்கொண்டு திருமழிசையில் அரை கிரவுண்டு வாங்கியிருந்தாள். இன்னும் இரண்டாண்டுகளில் திரும்பிவந்து, அங்கே இரண்டறை வீடு கட்டி, விடுதியில் வளரும் மகளோடு வாழவேண்டும். அவளிடம் அது தவிர வேறு நிலமும் இல்லை, போய்ச்சேர வேறு வீடும் இல்லை. பட்டியலில் சேர்க்க வேண்டா என்றவளைத் தொலைபேசியில் அரைமணிநேரம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் துலுக்கானம்.

தளம் வெளிவந்த முதல் மாதத்தில் ஒன்பது பேர் அழைத்தார்கள். ஹாஜா மொய்தீன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் முதல் தேதி காலை துலுக்கானம் திருமழிசைக்குச் சென்றபோது, மதிவதனியின் மனையைச் சுற்றி முள்வேலி போடப்பட்டிருந்தது. உள்ளே தகரக் கொட்டகை. ஈசானிய மூலையில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசி, அம்மன் என்று சூலம் செருகியிருந்தார்கள். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளைச் சட்டை அணிந்த வெற்றிச்செல்வன் உட்கார்ந்திருந்தான். ஆளில்லாத மனைகளை வளைத்து விற்பதையே பிழைப்பாகக் கொண்டவன் அவன். நெடுஞ்சாலையோரம் முழுக்க அவனை அறியும்.

"வா அண்ணாத்தே. ஒண்ணாந்தேதியாச்சே, எங்க காணோம்னு பாத்துகினு கீறேன்."

இது மஸ்கட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் இடம் என்றார் துலுக்கானம்.

"தெரியுமே. நீதானே எழுதி வச்சிக்கீறே." அவன் தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவருடைய தளம், அவருடைய பட்டியல். "முன்னெல்லாம் எது ஆளில்லாத எடம்னு மோப்பம் புடிக்கவே ஆறு மாசம் ஆவும். இப்ப பாரு, சர்வே நம்பரு, ரூட்டு, நீ வர்ற தேதி, அல்லாம் கீது. வேலி மட்டுந்தான் என் செலவு. உனுக்கு ஒரு சால்வை போத்தணும் நைனா."

துலுக்கானம் கைகளைப் பைக்குள் திணித்தார். அதையே வாய்ப்பாகக் கொண்டு பின்னாலிருந்த இருவர் அவரைத் தாக்கினார்கள். முதல் அடி விலாவில் விழுந்தது, சவுக்குக்கட்டை. குனிந்தவரின் முதுகில் இரண்டாவது. மண்ணில் விழுந்தபோதும் அவருடைய கைகள் பைகளுக்குள்ளேயே இருந்தன. முகத்தைத் தாங்க ஒன்றுமில்லாமல் எல்லைக்கல்லில் நெற்றி மோதித் தோல் கிழிந்தது. காலணி அணிந்த கால் ஒன்று அவர் காதை மிதித்துத் திருகியது. அவர் கைப்பேசியை எடுத்துக் கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் நசுக்கினார்கள். பிறகு வேலிக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். பேருந்துக்காக நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

மூன்று விலாவெலும்புகள் முறிந்திருந்தன. அன்றே ஹாஜா மொய்தீன் பட்டியலின் ஏனைய மனைகளைச் சுற்றிவந்தார். இன்னும் மூன்றில் அதே வேலி, அதே மஞ்சள் செங்கல். காவல்நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு, உரிமை பற்றிய வழக்கென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மதிவதனியிடம் துலுக்கானமே சொன்னார். அவள் அழவில்லை. "நீங்க சொல்லித்தானேண்ணே பேரு குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த துலுக்கானத்துக்கு ஒரே ஒரு நினைவுதான். அந்தக் கொட்டகைக்குள் ஒரு ஸ்பேனரோடு நுழைய வேண்டும். ஹாஜா மொய்தீன் தளத்தையே அழித்துவிடலாம் என்றார். மஹீரா இரண்டுக்கும் உடன்படவில்லை. பட்டியலை அவள் முன்பே பூட்டிவிட்டாள். ஆனால் பார்க்கக்கூடாதவன் பார்த்துவிட்டான். இனி அவன் என்ன செய்வான் என்று கேட்டாள். அந்தத் தகரக் கொட்டகையில் குடியிருக்கவா போகிறான்? போலி அதிகாரப் பத்திரம் ஒன்றைத் தயாரித்து யார் தலையிலாவது கட்டுவான். வாங்க வருகிறவன் இந்தக் காலத்தில் முதலில் என்ன செய்வான்? சர்வே எண்ணைக் கைப்பேசியில் தட்டித் தேடுவான். தேடும்போது முதலில் வருவது நம்முடைய பக்கமாக இருக்கவேண்டும்.

அதுவே அவர்களுடைய புதிய திட்டம். நான்கு மனைகளுக்கும் நான்கு தனிப்பக்கங்கள். தலைப்பிலேயே சர்வே எண்; கிராமத்தின் பெயர் பட்டாவில் எழுதும் முறையிலும், மக்கள் தட்டும் முறையிலும். கீழே ஓராண்டுப் படங்கள், தேதியுடன். நல்லவேளையாக எல்லாவற்றுக்கும் மஹீராவிடம் படி இருந்தது. வேலி போட்டபின் ஹாஜா மொய்தீன் சாலையிலிருந்து எடுத்த படம் இறுதியில். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை, யாரையும் பழிக்கவில்லை. 'இம்மனையை விற்பதற்கு உரிமையாளர் எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் எங்களிடம் பேசுங்கள்' என்று ஒரு வாக்கியம். ஒரு தொலைபேசி எண். பத்து நாளில், அந்தச் சர்வே எண்களைத் தேடினால் அப்பக்கங்களே முதலில் வந்தன.

பதினான்காம் நாள் நண்பகலில், துலுக்கானம் விலாக்கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்தபோது, வெற்றிச்செல்வனின் ஆட்கள் மூவர் கள்ளிக்குப்பத்து அறைக்குள் புகுந்தார்கள். ஒருவன் கையில் பட்டாக்கத்தி. முதல் வெட்டில் கணினித் திரை பிளந்தது. இரண்டாவது வெட்டு, குறுக்கே வந்த ஹாஜா மொய்தீனின் தலையில் சாய்வாக இறங்கித் தோலை மட்டும் சீவிச்சென்றது. இரத்தம் தாடியில் வழிந்து மேசைமேலிருந்த பத்திரங்களை நனைத்தது. இப்போதே அந்தப் பக்கங்களை நீக்கு, இல்லையென்றால் கிழவன் கழுத்து இருக்காது என்றார்கள்.

துலுக்கானத்தின் கைகள் பைகளிலிருந்து வெளியே வந்தன.

கதவோரம் ஷட்டரை இழுக்கும் இரும்புக்கம்பி சாத்தியிருந்தது. அவர் அதை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. கத்தி வைத்திருந்தவனின் முழங்கையில் அது விழுந்த ஓசையை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். பச்சைமரக்கிளை முறியும் ஓசை. கத்தி கீழே விழுந்தது. அவனும் விழுந்தான். விழுந்தவனை அவர் மீண்டும் அடித்தார். முழங்காலில், தொடையில், மறுபடி முழங்காலில். தம் விலாவில் எலும்புகள் உரசுவதையும் அவர் உணரவில்லை. முப்பது ஆண்டுகள் பைக்குள் கிடந்த அத்தனையும் அந்தக் கம்பியின் நுனியில் இருந்தது. அது அவருக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். கண்களில் இரத்தம் வழிய, தரையில் தவழ்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டார் ஹாஜா மொய்தீன்.

"போதும் மச்சான். எனக்காக ஒருக்கா உள்ள போன. இன்னொரு வாட்டி வேணாம்."

கம்பி நின்றது. அடிபட்டவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி போனான். பக்கங்கள் நீக்கப்படவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் பிற்பகல், தளத்திலிருந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் சின்னப்பையன், பல லாரிகளுக்கு உரிமையாளர். திருமழிசை மனைக்கு வெற்றிச்செல்வனிடம் பெருந்தொகை முன்பணம் கொடுத்திருந்தார். பதிவுக்கு முதல்நாள் அவருடைய மகள் சர்வே எண்ணைத் தேடியிருக்கிறாள்.

"இது நீ எடுத்த போட்டோவா?"

"நான் எடுத்ததுதாங்க."

"அந்தம்மா கையெழுத்துப் போடலியா?"

"அந்தம்மா ரெண்டு வருசமா இந்த ஊர் பக்கமே வரல."

மறுமுனையில் சிறிதுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. காவல்நிலையத்துக்குச் செல்லுங்கள், நானும் உடன் வருகிறேன் என்று துலுக்கானம் சொல்லத் தொடங்கியபோது, இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அந்த மௌனத்தின் பொருள் அவருக்குத் தெரியும். அவரே ஒருகாலத்தில் அப்படி மௌனமாக இருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தவர். விலாக்கட்டோடு இருசக்கர வண்டியில் ஏறித் திருமழிசைக்குப் போனார்.

புகை நெடுஞ்சாலையிலிருந்தே தெரிந்தது. கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. வேலி ஒருபக்கம் லாரியால் இடிக்கப்பட்டு மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது. வந்தவர்களும் இல்லை, காவலிருந்தவர்களும் இல்லை. வெற்றிச்செல்வன் மட்டும் மனையின் நடுவில் மல்லாந்து கிடந்தான். வலக்கை முழங்கைக்குக் கீழே ஏறக்குறையத் துண்டாகித் தோலில் தொங்கியது. வெள்ளைச் சட்டை எது, இரத்தம் எது என்று பிரிக்கமுடியவில்லை. மணல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே" என்றான். "தூக்கு அண்ணாத்தே."

துலுக்கானம் அவனைப் பார்த்தார். இவன் இங்கேயே கிடந்தால் மதிவதனியின் மனை அவளுக்கு மிஞ்சும். இவன் பிழைத்தால் மறுபடியும் வேலி வரும். இவ்வளவு தெளிவாக ஒரு கணக்கு அவர் வாழ்நாளில் வந்ததில்லை. அவருடைய கை பைக்குள் சென்று, புதிய கைப்பேசியை எடுத்தது. 108ஐ அழைக்கவில்லை. எல்லைக்கல்லும் எரியும் கொட்டகையும் கிடப்பவனும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி இரண்டடி பின்னால் நகர்ந்து, படம்பிடித்தார். தெளிவாக விழவில்லை என்று இன்னொன்றும் பிடித்தார்.

அதன்பிறகே அழைத்தார். அதன்பிறகே தம் இடுப்புவாரைக் கழற்றி அவன் கையில் இறுகக் கட்டினார். அவன் தலையைத் தம் மடியில் ஏந்திக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தார். அவன் அம்மா அம்மா என்று முனகினான்.

வெற்றிச்செல்வன் பிழைத்தான், கை போயிற்று. சின்னப்பையனும் அவருடைய ஆட்களும் மறுநாள் பிடிபட்டார்கள். நான்கு மனைகளின் வேலிகளையும் யாரோ இரண்டே நாளில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

துலுக்கானம் அந்தப் படத்தை மஹீராவிடம் காட்டினார். இதைத் தளத்தின் முதற்பக்கத்தில் போட்டால் இனி எவனும் எந்த மனைக்கும் வேலி போடமாட்டான் என்றார். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"போடமாட்டாங்கதான். ஆனா இத நான் போடமாட்டேண்ணே. வேற ஆளப் பாத்துக்குங்க." பிறகு கேட்டாள்: "இத எடுத்தப்ப ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவர் கைப்பேசியை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அடுத்த முதல் தேதி காலை மனையை மட்டும் படம்பிடித்து மதிவதனிக்கு அனுப்பினார். வேலி இல்லை, ஆள் இல்லை. நடுவில் கருகிய வட்டம். அவள் உடனே அழைத்தாள். அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டாள். துலுக்கானம் எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்: தம்முடைய பட்டியலை, இரும்புக்கம்பியை, சின்னப்பையனின் அழைப்பை, இறுதியாக இரண்டு படங்கள் எடுக்கப் பிடித்த நேரத்தை.

மறுமுனையில் மருத்துவமனையின் ஒலிபெருக்கி ஏதோ ஒரு பெயரை அழைத்துக்கொண்டிருந்தது.

"எங்கண்ணே கட்டினீங்க? முழங்கைக்கு மேலயா, கீழயா?"

"மேலம்மா."

"இறுக்கியா?"

"என்னால முடிஞ்ச மட்டும்."

"அவன் கை வெட்டுனப்பவே போயிடுச்சு. நீங்க கட்டலேன்னா உசுரும் போயிருக்கும். ஆனா அந்தப் படம் உங்க போன்ல இருக்க வேணாம்ணே."

அவள் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள். அவர் படங்கள் இரண்டையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அழித்தார். முடிந்தது என்றார். சரி, சித்திரையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், வந்தவுடன் வீட்டுக்குக் கடைக்கால் போடவேண்டும், நல்ல கொத்தனார் ஒருவரைப் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, நோயாளி அழைக்கிறார் என்று போய்விட்டாள்.

துலுக்கானம் எழுந்தார். விலா வலித்தது. மணல் சரிந்து எல்லைக்கல் சற்றுச் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து நிமிர்த்தி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.